குடல் இல்லாத பெண்ணுடல்

தமிழின் மிகப் புகழ்பெற்ற வயிற்று நோயாளி ஓர் ஆண். சூலை நோய் குடலை முறுக்க, திருநாவுக்கரசர் திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரைத் தேடி வந்தார் என்கிறது பெரியபுராணம். திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனவர் அக்கா. வலி தம்பியின் வாயில் தேவாரமாயிற்று. அக்காவின் பெயரில் ஒரு பதிகமும் நம்மிடம் இல்லை.

2015இல் ஷூஜித் சர்கார் இயக்கி வந்த 'பிக்கு' இந்திப் படத்திலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். மலச்சிக்கல் அப்பாவுக்கு. அதைக் கேட்டுக்கொண்டே வேலைக்கும் போய் வீட்டையும் பார்ப்பவள் மகள். மலத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய படம் என்று நானும் ரசித்தேன். வீடு திரும்பியபின் யோசித்தால், நினைவில் நின்ற குடல் அப்பாவுடையது மட்டுமே. ஆணின் குடலுக்குக் கதை உண்டு. பெண்ணுக்கு அதில் பணிவிடைதான்.

பெண்ணுக்கு வயிறு இல்லாமலா? மொழி நிறைய வைத்திருக்கிறது. பெற்ற வயிறு, திறக்காத வயிறு, மகன் வந்தால் பால் வார்க்கப்படும் வயிறு. எல்லாமே கருப்பை. அதை விட்டால் அடுப்பு. பழவேற்காட்டில் மீன் எடுத்துப் பொன்னேரியில் விற்ற என் அம்மா, "வயித்தக் கழுவத்தான் இந்தக் கூடையத் தூக்குறேன்" என்பார். கழுவப்பட்டது எங்கள் வயிறுகள். வழியில் ஒதுங்க இடம் கிடைக்காது என்பதற்காக, பஸ் ஏறும் நாளில் தன் வயிற்றில் தண்ணீர்கூட இறங்கவிடாதவர் அவர்.

பெண்ணுடலை எழுதியவர்கள் நமக்கு வழி திறந்தார்கள். 2002இல் வெளிவந்த குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்புக்குக் கிளம்பிய எதிர்ப்பை நாம் மறக்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதையும் கேட்கிறேன்: ஆண் பார்வை ஏற்கெனவே குறிவைத்த உறுப்புகளைத்தானே நாம் முதலில் மீட்டோம்? முலையை, யோனியை, கருப்பையைக் கவிதையாக்கிய நமக்கு, நாற்றமும் சளியும் இரத்தமுமாய்ப் போகும் குடலை என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை. வேட்கையைச் சொல்வது கலகமாயிற்று. ஒரு நாளில் பத்து முறை கழிவறைக்கு ஓடுவதைச் சொல்வது இன்னும் வெட்கமாகவே இருக்கிறது.

இந்த மௌனத்துக்கு விலை உண்டு. எனக்குப் பெருங்குடலில் புண். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்று பெயர் தெரிவதற்கு முன் இரண்டு வருடம் அது 'சூடு', பிறகு 'மூலம்'. இரத்தசோகை என்றதும் மாதவிலக்கைப் பற்றித்தான் கேட்டார்கள், மலத்தைப் பற்றி அல்ல. பழவேற்காடு ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று முறைவைக்கும் ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். அந்த முறையில் இடம் ஆண்களுக்குத்தான். சித்த மருத்துவத்தில் பெண்ணின் மிகுந்த உதிரப்போக்குக்குப் 'பெரும்பாடு' என்று பெயர். ஆணின் பாடு உரிமை, பெண்ணின் பாடு இரத்தம். என் குடல் கசிந்த இரத்தமும் அந்தக் கணக்கிலேயே எழுதப்பட்டது.

பெயர் தெரிந்தபின்னும் கதை மாறவில்லை. ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் உப்பியபோது, "பூசினாப்ல இருக்கியே, ஏதும் விசேஷமா?" என்றார்கள் உறவுக்காரப் பெண்கள். மீண்டும் கருப்பை. சென்ற வருடம் முழங்கால்கள் வீங்கின. "புள்ள பெத்த உடம்பு, அப்படித்தான்" என்றார் அத்தை. வலது கண் சிவந்து வெளிச்சம் பட்டாலே வலித்தபோது, மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து கொடுத்தனுப்பினார்கள். சில வாரங்கள் கழித்து வேறொரு மருத்துவர்தான், "வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டார். கண்ணுக்காகப் போன இடத்தில் என் குடலை விசாரித்த முதல் ஆள். குடலின் அழற்சி மூட்டிலும் கண்ணிலும் தோலிலும்கூட வெளிப்படும், நீண்டநாள் ஸ்டீராய்டு எலும்பை மெலிய வைக்கும் என்பதெல்லாம் அன்றுதான் தெரிந்தது. புதிது புதிதாய் வந்தவை தனித்தனி நோய்கள் அல்ல, ஒரே உடலின் பேச்சு. கருப்பையை மட்டுமே கேட்டுப் பழகிய காதுகளுக்கு அது எட்டவில்லை. என் காதும் அதில் சேர்த்தி.

நோயைச் சொல்ல ஆங்கிலத்தில் சொற்கள் போதவில்லை என்று 1926இல் வர்ஜீனியா வுல்ஃப் குறைப்பட்டார். நமக்கு அந்தக் குறை இல்லை. சூலை, கடுப்பு, பொருமல், குடைச்சல், கழிச்சல் என்று எத்தனையோ இருக்கின்றன. அவற்றைச் சொல்ல பெண்ணுக்கு வாய்க்காதது சபைதான்.

முன்னோடி இல்லாமல் இல்லை. நல்வழியில் ஒளவை தன் வயிற்றை எதிரே நிறுத்தி வழக்குப் பேசுகிறாள். பிள்ளை பெறும் வயிற்றோடு அல்ல, பசிக்கிற வயிற்றோடு. அதை நீதிநூல் என்று மனப்பாடம் செய்துவிட்டோம். ஒரு பெண் தன் உடலோடு நடத்திய சண்டையாக வாசிக்கவில்லை.

இப்போதெல்லாம் எந்த மருத்துவர் முன் உட்கார்ந்தாலும், கண்ணோ காலோ பல்லோ, குடலிலிருந்துதான் தொடங்குகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுகிறேன். போன வாரம் அம்மாவிடமும் கேட்டேன்: "உனக்கு வயிறு எப்படிம்மா இருக்கு?" முதலில் சிரித்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். இருட்டும்வரை சொன்னார்.