திரும்புகிற இடத்துக் கம்பி

ஆன்டெனா திரும்பினால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். தெருப் பிள்ளைகள் கை நீட்டிக் காட்டுவார்கள். எனக்குக் கண் போவது அதற்கு இரண்டு முழம் கீழே. கம்பத்தோடு கட்டிய கேபிளும் ஆன்டெனாவோடு சுற்றுகிற கேபிளும் சேரும் இடத்தில் ஒரு தொங்கல் இருக்கும். ஆன்டெனா வடமேற்கே ஐரோப்பாவைப் பார்த்துப் போகும்போது அந்தத் தொங்கல் கம்பத்தை நோக்கி இறுகும். வடகிழக்கே ஜப்பான் பக்கம் வரும்போது நெகிழ்ந்து வயிறு தள்ளும். நல்ல கேபிள் என்றால் இந்த இறுக்கமும் நெகிழ்வும் ஒரே சீராக, எங்கேயும் முழங்கை போல மடங்காமல் நடக்கும். பொழுதுபோக்காக வானலையில் பேசும் ஹாம் ரேடியோவில் இத்தனை வருடம் இருந்தும் எனக்கு அலுக்காத காட்சி இது.

நான் இருப்பது கோலார் தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டைப் பக்கம். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடும்வரை அப்பாவுக்கு அங்கேதான் வேலை. சுரங்கத்தின் செங்குத்துக் குழியான சாப்டில் ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்கும் இரும்புக் கயிற்றைப் பார்த்துக்கொள்கிற ஆட்களில் ஒருவர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அவ்வளவு ஆழத்துக்குப் போய்வருகிறவர்களின் உயிர் அந்தக் கயிற்றில்தான் இருந்தது.

பெங்களூரிலிருந்து முதன்முதலாக ஒரு சுருள் கோ-ஆக்சியல் கேபிள் வாங்கி வந்த அன்று அப்பா அதன் முனையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“இன்னாடா இது, ஒத்தக் கம்பியா?”

“ஆமாப்பா. இதுலதான் இழப்பு கம்மி.”

“இழப்பு கம்மியா இருக்கட்டும். திரும்புற எடத்துல ஒத்தக் கம்பி நிக்காதுடா.”

நான் கேட்கவில்லை. அதற்கான விலையைப் பின்னால் சொல்கிறேன்.

சுரங்கக் கயிற்றை வெட்டிப் பார்த்தவர்களுக்கு அப்பா சொன்னது உடனே புரியும். மெல்லிய எஃகுக் கம்பிகளை முறுக்கி ஒரு புரி. அப்படிப் பல புரிகளை நடுக்கயிற்றைச் சுற்றி முறுக்கினால் கயிறு. அதே பருமனுக்கு ஒரே தடியாக எஃகை வார்த்திருந்தால் சக்கரத்தின் மேல் வளையும்போதெல்லாம் அதன் வெளிப்புறம் இழுபடும், உட்புறம் நசுங்கும். சில நாளில் விரிசல் விடும். மெல்லிய கம்பிக்கு அந்தச் சங்கடம் குறைவு. வளையும்போது ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடம் மாறிக்கொள்ளும். பருமன் குறையக் குறைய வளைவு தரும் வேதனையும் குறைகிறது. சாப்டுக்கு மேலே நிற்கும் சக்கரங்களை அத்தனை பெரிதாகச் செய்ததும் கயிறு மெல்ல வளையட்டும் என்பதற்காகத்தான்.

கோ-ஆக்சியல் கேபிளில் இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளைப் பாலித்தீன், அதன்மேல் செம்புப் பின்னல், எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு உறை. அலை ஓடுவது நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடைப்பட்ட வெளியில். வெளியே எதையும் அது தொடுவதில்லை. அதனால்தான் இரும்புக் கம்பத்தில் ஒட்டிக் கட்டினாலும் கெடாமல் இருக்கிறது. 1880இல் இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைடு காப்புரிமை வாங்கிய யோசனை இது. ஆனால் நடுக்கம்பி சரியாக நடுவில் இருந்தாக வேண்டும். 50 ஓம் என்று கேபிளின் மேல் அச்சிட்டிருப்பது அந்த இடைவெளியை நம்பித்தான். கம்பி ஓரமாக நகர்ந்தால் அந்த இடத்தில் ஓம் கணக்கு மாறும். போகிற சக்தியில் ஒரு பங்கு திரும்பி வரும்.

இனி இழப்பு. தங்கவயல்காரனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இந்த ஊருக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அத்தனை தூரக் கம்பியில் சக்தி சூடாகிக் கரைந்துவிடாமல் இருக்க மின்னழுத்தத்தைப் பல ஆயிரம் வோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்பினார்கள். ஹாம்களுக்கு அந்த வழி கிடையாது. கம்பியைத்தான் நல்லதாகத் தேட வேண்டும். அலைவரிசை உயர உயர மின்னோட்டம் செம்பின் மேற்பரப்புக்கு ஒதுங்கும். 144 மெகாஹெர்ட்ஸில் அது தங்கும் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். வெற்றிலை மேல் தடவிய சுண்ணாம்பு கூட அதைவிடக் கனம்.

எங்கள் வீட்டில் ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்கு 30 மீட்டர் கேபிள் போகிறது. அந்த நீளத்துக்கு, 435 மெகாஹெர்ட்ஸில், விரல் பருமன் கூட இல்லாத ஆர்ஜி 58ஐப் போட்டால் மேலே போய்ச் சேருவது பத்தில் ஒரு பங்கு. ஆர்ஜி 213 போட்டால் மூன்றில் ஒரு பங்கு. எல்எம்ஆர் 400 என்றால் பாதிக்குச் சற்றே மேல். அதே ஆர்ஜி 213ஐ 14 மெகாஹெர்ட்ஸில் பாருங்கள், நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு மேலே போய்விடும். அலைவரிசையைச் சொல்லாமல் எது நல்ல கேபிள் என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.

எல்எம்ஆர் 400இன் இழப்பு ஏன் குறைவு? நடுவில் செம்பு பூசிய அலுமினியத்தில் தடியான ஒற்றைக் கம்பி. சுற்றிலும் கெட்டிப் பாலித்தீனுக்குப் பதில் நுரை. அதன்மேல் ஒட்டிய அலுமினியத் தாள், பிறகு பின்னல். ஒவ்வொன்றும் அலைக்கு நல்லது, வளைவுக்குக் கெட்டது. தயாரிப்பாளர் தரும் தாளிலேயே இரண்டு எண்கள் இருக்கும்: ஒருமுறை வளைத்து அப்படியே விட்டால் ஆரம் இரண்டரை சென்டிமீட்டர் போதும், திரும்பத் திரும்ப வளைத்தால் பத்து சென்டிமீட்டர் வேண்டும். கேபிள் வாங்குகிறவர் கண் முதலில் போக வேண்டிய வரி இந்த இரண்டாவது எண்.

என் முதல் கேபிள் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மலிவான சரக்கு. ஒற்றைக் கம்பி, நுரை, தாள். கீழிருந்து ஆன்டெனா வரை ஒரே நீளமாக விட்டு, தொங்கலையும் அதிலேயே போட்டேன். முதல் வருடம் முழுக்க எனக்குப் பெருமை. இரண்டாவது கோடையில், ஆன்டெனா மேற்கே திரும்பும்போதெல்லாம் திரும்பி வரும் சக்தியைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரில் 1.3இல் இருக்கும் முள் 3க்குத் தாவியது. கிழக்கே வந்தால் பழைய இடத்துக்கு இறங்கியது. பத்து நாள் கனெக்டர்களையே சந்தேகித்தேன். கடைசியில் தொங்கலை அறுத்துக் கீழே கொண்டுவந்து உறையை நீளவாக்கில் கீறினேன். அலுமினியத் தாள் வளையம் வளையமாக, காய்ந்த வாழைமட்டை போல வெடித்திருந்தது. வெயிலில் இளகிய நுரைக்குள் நடுக்கம்பி அழுந்தி, வளைவின் உட்பக்கம் பின்னலைத் தொட்டுவிடும் தூரத்தில் இருந்தது. அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு நான் போட்டுவருவது இரண்டு கேபிள். கம்பத்தின் மேல்வரை, அசையாத இடமெல்லாம், இழப்புக் குறைந்த ஒற்றைக் கம்பிக் கேபிள். ஆன்டெனாவைச் சுற்றும் ரோட்டேட்டருக்குக் கீழே அதை முடித்து, அங்கிருந்து ஆன்டெனாவுக்கு மூன்று மீட்டர் மட்டும் பல கம்பி முறுக்கிய, வளையத் தெரிந்த கேபிள். நடுவில் ஒரு ஜோடி கனெக்டர் கூடுகிறதே என்று சிலர் தயங்குவார்கள். ஒழுங்காகப் போட்ட என் டைப் கனெக்டரின் இழப்பு மீட்டரில் கூடத் தெரியாது. அதன் நடு ஊசிக்குத் தங்க முலாம் பூசியிருப்பார்கள். எங்கள் ஊரில் வளர்ந்தவனுக்கு அந்த ஊசியைத் திருகிப் பூட்டும் முன் ஒரு நொடி கூடுதலாகப் பார்க்கத் தோன்றும்.

அந்த மூன்று மீட்டருக்கு எது? குறைந்த அலைவரிசைக்கு என் ஓட்டு இன்றும் ஆர்ஜி 213க்குத்தான். 10.3 மில்லிமீட்டர் கனம். நடுவில் முக்கால் மில்லிமீட்டர் கம்பிகள் ஏழு, ஒன்றைச் சுற்றி ஆறு. பாலித்தீன் கெட்டியானது, நுரை இல்லை. வெயிலிலும் கம்பியை எளிதில் இடம் விடாது. 435 மெகாஹெர்ட்ஸுக்கு எல்எம்ஆர் 400 அல்ட்ராஃப்ளெக்ஸ் அல்லது ஜெர்மன் ஈகோஃப்ளெக்ஸ் 10. இரண்டுக்கும் முறுக்குச் செம்பு நடுக்கம்பி. அல்ட்ராஃப்ளெக்ஸின் இழப்பு சாதா எல்எம்ஆர் 400ஐவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்தான். மூன்று மீட்டரில் அது என்ன ஆகிவிடும்? ஆர்ஜி 58 எவ்வளவுதான் துவண்டு கொடுத்தாலும் அந்த உயரத்துக்கு நான் ஏற்றுவதில்லை.

வாங்குவது பெங்களூர் எஸ்.பி. ரோட்டில். காலை ரயிலில் போனால் கடை திறக்கும்போது அங்கே இருக்கலாம். பெயரை மட்டும் நம்பி நான் வாங்குவதில்லை. ஒரு சாண் வெட்டித் தரச் சொல்லிக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்து பிரித்துப் பார்ப்பேன். உறையைக் கீறினதும் பின்னல் அடர்த்தியாக, அடியில் இருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும். பின்னலை இரு பக்கமும் தள்ளினால் பூனை முதுகு போல எழும்பி, விட்டதும் படிய வேண்டும். பாலித்தீனில் நகத்தை அழுத்தினால் கெட்டி எது, நுரை எது என்று நகமே சொல்லும். ஏழு கம்பியையும் பிரித்து ஒன்றைக் கத்தியால் சுரண்டினால் உள்ளேயும் சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளை தெரிந்தால் அலுமினியம், காந்தம் இழுத்தால் எஃகு. பிறகு மிச்சத் துண்டை முன்கையில் சுற்றி விடுவேன். நல்ல கேபிள் தானாக விரிந்து பெரிய வளைவுக்கு வரும். சுற்றின இடத்தில் மடிப்பு நின்றால் அந்தச் சுருளைத் தொட மாட்டேன். ஆர்ஜி 213இன் உறைக்குத் தனிக் குணம் உண்டு: பிவிசியை இளக்கமாக வைக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் உள்ளே இறங்கிப் பாலித்தீனைக் கெடுக்காதபடி செய்தது. பழைய ஆர்ஜி 8இல் அந்தக் காப்பு இருக்கவில்லை. சில வருடத்தில் அதன் இழப்பு ஏறிவிடும்.

தொங்கல் கட்டுவதும் கை பழக வேண்டிய வேலை. பல ரோட்டேட்டர்கள் 360 பாகைக்கு மேல், 450 வரை சுற்றும். அதன் சுற்றில் நடு இடம் எதுவோ அங்கே ஆன்டெனாவை நிறுத்திவிட்டுத் தொங்கலை அளக்க வேண்டும்; அப்போதுதான் இரு பக்கமும் சமமாக இழுபடும். கம்பத்தைச் சுற்றி ஒன்றரைச் சுற்று, இரண்டு சாண் அகலத்தில், கடிகார ஸ்பிரிங் போலத் தளர்வாக விடுவது என் வழக்கம். இரு முனையிலும் கட்டு கேபிளைப் பிடிக்கணும், நெரிக்கக் கூடாது. கனெக்டரின் மேல் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலே சுற்ற வேண்டும், நாட்டு ஓடு வேய்வது போல. மேல் சுற்று கீழ்ச் சுற்றின்மேல் படிந்தால் மழை வழிந்து போகும். தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனால் போதும், பின்னல் திரி போல அதை உறிஞ்சிக் கீழே வரை கொண்டுபோய்விடும். எங்கள் ஊரில் மழையோடு, தங்கம் பிரித்தெடுத்த கழிவு குவிந்த சயனைட் மேட்டுத் தூசியும் உண்டு. காற்று மாதத்தில் அந்தச் சாம்பல் நிற மாவு கம்பத்தில் படிந்திருக்கும். கேபிள் உரசுகிற இடம் இருந்தால் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். தொங்கல் கம்பத்தைத் தொடக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

தொங்கலுக்கு முழுச் சோதனை செயற்கைக்கோள் பிடிக்கும்போதுதான். 2005 மே 5ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 ஏற்றிப்போன ஹாம்சாட் 2014 வரை எங்களுக்கு வானத்தில் ஒரு நிலையமாக இருந்தது. 435 மெகாஹெர்ட்ஸில் மேலே பேசினால் 145இல் கீழே கேட்கும். அடிவானத்தில் ஏறி மறு அடிவானத்தில் இறங்க ஏறக்குறைய கால் மணி நேரம். அதற்குள் ஆன்டெனா பக்கவாட்டிலும் திரும்ப வேண்டும், மேலும் கீழும் நிமிர வேண்டும். தலைக்கு நேர் மேலே போகும் சுற்று என்றால் உச்சியில் ஆன்டெனா சட்டென்று பாதி வட்டம் அடிக்கும். அந்த நிமிடம் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே ஓடிப்போய்த் தொங்கலைப் பார்த்த நாட்கள் உண்டு. இப்போது விண்வெளி நிலையம் கடக்கும்போது அதே ஆட்டம்.

சுரங்கத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூண்டை மாட்டுகிற முனையில் கயிற்றை ஒரு துண்டு வெட்டி, புரி புரியாகப் பிரித்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் மறுபடி பூட்டுவார்களாம். அந்தப் பழக்கத்தை அப்பா என் கம்பத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். போன ஆடியில், ஆறு வருடம் ஆடிய ஆர்ஜி 213 தொங்கலை இறக்கினேன். கேட்பதில் பிழை ஒன்றும் இல்லை. பார்க்க வேண்டும் என்றே இறக்கியது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, அதிகம் வளைகிற இடமாகப் பார்த்துக் கத்தியை வைத்தார். உறை வெளுத்திருந்தது, வெடிப்பு இல்லை. பின்னல் மேலாக மங்கியிருந்தது. ஒரு இழை கூட அறவில்லை. பிறகு துண்டை நேர்குறுக்கே வெட்டி, முனையை வெளிச்சத்துக்குத் திருப்பி என்னிடம் நீட்டினார். ஏழு செம்புப் புள்ளிகள், ஒன்றைச் சுற்றி ஆறு, வெள்ளை வட்டத்தின் நட்டநடுவில் இருந்தன.