‘பேபி’ என்னும் அடைமொழி: பேபி சரோஜாவின் திரைவாழ்வும் தமிழ்த் திரை வரலாற்றெழுத்தும்

ஆய்வுச்சுருக்கம்

1937 முதல் 1941 வரை மூன்று தமிழ்ப் படங்களில் நடித்துப் பெரும்புகழ் பெற்றவர் பேபி சரோஜா. ‘இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்’ என்ற புகழ்மொழியோடு அவரைக் கடந்து செல்வது தமிழ்த் திரை வரலாற்றெழுத்தின் வழக்கமாக உள்ளது. அவர் ஏற்ற பாத்திரங்கள் கதைக்குள் ஆற்றிய பணியையும், அப்பணி ‘மழலை’ என்ற சொல்லுக்குள் மறைந்துபோன விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது. குழந்தை நடிப்பை உழைப்பாகக் கருதும் திறனாய்வு நோக்கு தேவை என்பதை இது வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: பேபி சரோஜா, பாலயோகினி, தியாகபூமி, குழந்தை நடிப்பு, திரை வரலாற்றெழுத்து.

1. முன்னுரை

பேபி சரோஜா 2019ஆம் ஆண்டு அக்டோபரில், தம் 88ஆம் அகவையில் சென்னையில் காலமானார். அவரைப் பற்றிய இரங்கற் செய்திகள் அவரைப் ‘பேபி’ சரோஜா என்றே குறித்தன. திரையுலகை விட்டு விலகி ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கடந்த பின்னும், மணவாழ்வும் முதுமையும் கண்ட ஒரு பெண்மணியின் பெயருக்கு முன் அச்சொல் நின்றது. இதனை அன்பின் அடையாளம் என்று மட்டும் கொள்ள இயலாது. ஒருவரின் வாழ்வில் எந்தப் பகுதி வரலாறு ஆகிறது, எந்தப் பகுதி ஆகாமற் போகிறது என்பதையும் அச்சொல்லே தீர்மானித்துவிடுகிறது.

தமிழ்த் திரையுலகில் ‘பேபி’, ‘மாஸ்டர்’ ஆகியவை தொழிற்பெயர்களாகவே வழங்கி வந்துள்ளன. ‘துணைவன்’ (1969) படத்தில் முருகனாகத் தோன்றிய ஸ்ரீதேவி, ‘மூன்று முடிச்சு’ (1976) படத்தில் கதாநாயகியானபோது அவ்வடைமொழியைக் களைந்தார். வளர்ந்த பின்னும் நடித்தவர்க்கு அது ஒரு படிநிலை. இளமையிலேயே விலகியவர்க்கோ அது நிலையான பெயராகிவிடுகிறது. இவ்வேறுபாட்டின் முதன்மையான எடுத்துக்காட்டு சரோஜா.

2. பாலயோகினி: கேள்வி கேட்கும் குழந்தை

சரோஜா 1931இல் பிறந்தவர். இயக்குநர் கே. சுப்பிரமணியத்தின் உடன்பிறந்தார் விசுவநாதனின் மகள். சுப்பிரமணியம் இயக்கிய ‘பாலயோகினி’ (1937) வெளியானபோது அவர் சிறுமி. உறவினரால் விரட்டப்பட்ட ஒரு பிராமணக் கைம்பெண்ணும் ஒரு சிறுமியும், தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த பணியாளர் ஒருவரின் வீட்டில் அடைக்கலம் புகுகின்றனர். அவர் இறந்தபின் அவர்தம் பிள்ளைகளையும் அக்கைம்பெண் தம் பிள்ளைகளாகவே வளர்க்கிறார். சாதிக் கட்டுப்பாட்டையும் கைம்மைக் கொடுமையையும் ஒருசேர எதிர்த்த கதை இது.

இப்படத்தின் துணிவைப் பேசுவோர், உண்மையிலேயே கைம்பெண்ணாக இருந்த சீதாலட்சுமியை அப்பாத்திரத்தில் நடிக்கவைத்ததைத் தவறாது குறிப்பிடுவர். அது குறிப்பிடத்தக்கதே. ஆனால் சிறுமியைப் பற்றிப் பேசும்போது அதே எழுத்து துறுதுறுப்பு, மழலை, அழகு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. வளர்ந்த பெண்ணின் பங்கேற்பு சமூகச் செயலாகவும் குழந்தையின் பங்கேற்பு இயல்பான கவர்ச்சியாகவும் பிரிக்கப்படுகின்றன.

படத்தின் தலைப்போ இப்பிரிப்புக்கு மாறானது. ‘யோகினி’ என்னும் சொல் அறிவும் துறவும் கைவந்தவளைக் குறிக்கும். ‘பால’ என்னும் அடை அதனைக் குழந்தைக்கு உரியதாக்குகிறது. கைம்பெண் கேட்டால் ஒழுக்கக்கேடு எனவும், தாழ்த்தப்பட்டவர் கேட்டால் வரம்பு மீறல் எனவும் அன்றைய சமூகம் கருதியிருக்கும் கேள்விகளைக் குழந்தை கேட்க முடிகிறது. கேள்வியின் கூர்மை குறையாது. கேட்பவர் மீது சினமும் எழாது. சீர்திருத்தக் கதையாடலுக்குக் குழந்தை ஒரு பாதுகாப்பான வாயில். அவ்வாயிலாக நின்று கதையின் கருத்துச் சுமையைத் தாங்கியவர் ஒரு சிறுமி.

படம் பெற்ற வெற்றியால் பல குடும்பங்களில் பெண் குழந்தைகளுக்குச் சரோஜா எனப் பெயரிடப்பட்டதாகத் திரை வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். கதையின் கேள்விகளை ஏற்காத இல்லங்களிலும் கேட்டவளின் பெயர் புகுந்திருக்கக்கூடும். குழந்தையின் புகழ் படத்தின் கருத்தைப் பரப்பியது. அக்கருத்தை மறக்கவும் உதவியது என்று இதனைக் கொள்ளலாம்.

3. தியாகபூமி: பிரிந்தவற்றை இணைக்கும் குழந்தை

1939 மே மாதம் வெளியான ‘தியாகபூமி’யில் சரோஜா சாரு என்னும் பாத்திரத்தை ஏற்றார். கல்கியின் கதை ஆனந்த விகடனில் தொடராக வந்த காலத்திலேயே படமும் உருவானது. ஓவியங்களுக்கு மாற்றாகப் படக்காட்சிகளின் ஒளிப்படங்கள் தொடரோடு வெளியாயின. ஆகவே வாசகர் சாருவைத் தாமே கற்பனை செய்துகொள்ளும் நிலை அரிதாயிற்று. சொல்லால் ஆன சாருவும் சரோஜாவின் முகமும் ஒரே பக்கத்தில் அச்சேறின. ஒரு தமிழ்ப் புதினப் பாத்திரத்தின் உருவாக்கத்தில் நடிப்புக் கலைஞர் இவ்வளவு நேரடியாகப் பங்குகொண்டது இலக்கிய வரலாற்றிலும் பதிவு பெறவேண்டிய செய்தி.

கதையில் சாருவின் இடம் நுட்பமானது. கணவன் ஸ்ரீதரனால் துன்புறுத்தப்பட்ட சாவித்திரி, தான் பெற்ற குழந்தையைத் தன் தந்தை சம்பு சாஸ்திரியின் அருகே விட்டுச் செல்கிறாள். தம் பேத்தி என்பதை அறியாமலே சாஸ்திரி அவளை வளர்க்கிறார். தாய் பின்னர் உமாராணி என்னும் செல்வச் சீமாட்டியாகத் திரும்புகிறாள். கணவன் அவளைத் தன்னோடு சேர்ந்து வாழக் கோரி நீதிமன்றம் செல்ல, அவள் மறுத்து நாட்டுப் பணியில் ஈடுபடுகிறாள்.

பெண் தன் கணவனை நீதிமன்றத்தில் மறுப்பது 1939ஆம் ஆண்டுப் பார்வையாளர்க்கு அதிர்ச்சி தரும் முடிவு. அவ்வதிர்ச்சியைத் தாங்கும் ஆற்றலைக் கதைக்கு அளிப்பவள் சாரு. மனைவி என்னும் நிலையைத் துறக்கும் சாவித்திரி தாய் என்னும் நிலையை இழக்கவில்லை என்பதைக் காட்டக் குழந்தை தேவைப்படுகிறாள். தந்தை, மகள், பேத்தி என்ற மூவர் உறவு, கணவன் இல்லாத ஒரு குடும்பத்தையே கண்முன் நிறுத்துகிறது. பாபநாசம் சிவனின் சம்பு சாஸ்திரியும் எஸ்.டி. சுப்புலட்சுமியின் சாவித்திரியும் ஒரே குடும்பமாகத் தோன்றுவதற்கு இடையில் நின்ற குழந்தையின் நடிப்பே காரணம்.

காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியபின், 1940இல், ஆங்கில அரசு இப்படத்தைத் தடைசெய்தது. தடையின் வரலாறு இயக்குநரையும் கல்கியையும் பாடல்களையும் முன்னிறுத்துகிறது. அரசு அஞ்சிய ஒரு படத்தின் மையத்தில் நின்றவராகச் சரோஜா இவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை.

4. ‘ஷெர்லி டெம்பிள்’ என்னும் ஒப்புமை

ஒப்புமை என்பது ஒன்றை விளக்கவும் கூடும், மூடவும் கூடும். ஷெர்லி டெம்பிளோடு சரோஜாவை ஒப்பிட்டவர்கள் புகழையும் தோற்றத்தையுமே கருதினர். ஒப்புமையை முழுமையாகப் பின்தொடர்ந்தால் வேறு கேள்விகள் எழுகின்றன. டெம்பிளின் வயதை நிறுவனம் ஓராண்டு குறைத்துக் காட்டியது. அவர் ஈட்டிய 30 இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையில் ஏறத்தாழ 44,000 டாலரே எஞ்சியிருந்ததைப் பின்னர் அறிந்ததாகத் தம் தன்வரலாற்றில் (1988) அவரே எழுதினார். ஜாக்கி கூகன் தம் வருவாய்க்காகத் தாயின் மீது வழக்குத் தொடுத்ததன் விளைவாக, 1939இல் கலிபோர்னியா குழந்தை நடிகரின் வருவாயைக் காக்கும் சட்டம் இயற்றியது. ‘தியாகபூமி’ வெளிவந்த அதே ஆண்டு அது.

இந்தியாவில் 1938ஆம் ஆண்டின் குழந்தைகள் வேலைவாய்ப்புச் சட்டம் ரயில்வே, துறைமுகம் போன்றவற்றையே முதன்மையாகக் கருதியது. படப்பிடிப்புத் தளம் அதன் பார்வைக்குள் வரவில்லை. குழந்தைக் கலைஞர் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் பணியாற்றலாகாது, வருவாயில் குறைந்தது 20 விழுக்காடு குழந்தையின் பெயரில் வங்கியில் வைக்கப்பட வேண்டும் என்னும் விதிகள் 2017இல்தான் வந்தன. இடைப்பட்ட எண்பது ஆண்டுகளில் தமிழ்த் திரையில் தோன்றிய பேபிகளும் மாஸ்டர்களும் அத்தகைய காப்பு இன்றியே உழைத்தனர்.

சரோஜா தம் குடும்பத்தாரின் அரவணைப்பிலேயே நடித்தார். டெம்பிளுக்கு நேர்ந்தது அவருக்கும் நேர்ந்தது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. சிற்றப்பன், பெரியப்பன் உறவு படப்பிடிப்பிலும் தொடரும்போது பணி விளையாட்டாகத் தோன்றும். ஆயினும் அன்பு சூழ்ந்திருப்பதால் உழைப்பு உழைப்பல்லாது போவதில்லை. வசனத்தை மனத்தில் இருத்துதல், விளக்கொளியில் காத்திருத்தல், கேட்டபோது அழுதல், நிறுத்தச் சொன்னபோது நிறுத்துதல் ஆகியவை அனைத்தும் நடிகரின் தொழிலே.

5. விலகலை வாசித்தல்

‘காமதேனு’ (1941) படத்தோடு சரோஜாவின் திரைவாழ்வு நிறைவுற்றது. இத்தகைய விலகலை ‘மங்கிய புகழ்’ என்றும் ‘மறக்கப்பட்ட நட்சத்திரம்’ என்றும் எழுதுவது எளிய வழக்கு. புகழே வாழ்வின் அளவுகோல் என்னும் எண்ணம் அதன் அடியில் உள்ளது. பத்து வயதில் திரையை விட்டவர்க்குப் பள்ளியும் இளமையும் பெயர் தெரியாத் தெருவில் நடக்கும் உரிமையும் மீண்டன என்று அதனையே வாசிக்கலாம். ஐந்தாண்டுத் திரைவாழ்வை முழு வாழ்வாகவும், அதன் பின் வந்த எழுபத்தெட்டு ஆண்டுகளை வெற்றிடமாகவும் கருதும் வரலாற்றெழுத்துதான் மறுஆய்வுக்கு உரியது.

6. முடிவுரை

‘பாலயோகினி’யில் கேள்வியாகவும் ‘தியாகபூமி’யில் உறவின் இணைப்பாகவும் சரோஜாவின் பாத்திரங்கள் அமைந்தன. சீர்திருத்தக் கதையாடல் தன் கடினமான பகுதிகளைக் குழந்தையிடம் ஒப்படைத்தது; வரலாற்றெழுத்து அப்பணியை மழலை என்று பெயரிட்டு எளிமைப்படுத்தியது. அவரை நடிகர் என்ற பொருளில் வாசிப்பது அவருக்குச் செய்யும் நன்றி மட்டுமன்று. இன்றும் தொலைக்காட்சித் தொடர்களிலும் போட்டி நிகழ்ச்சிகளிலும் பணியாற்றும் குழந்தைகளைப் பார்க்கும் பார்வையையும் அது திருத்தும். ‘பேபி’ என்னும் அடைமொழிக்குள் ஒரு தொழிலாளி இருந்தார் என்பதை ஏற்பதிலிருந்தே அத்திருத்தம் தொடங்கும்.