'என் எதிர்கால ஆசை' கட்டுரையில் காணாமல் போன பத்து ஆண்டுகள்

தமிழ்ப்பள்ளி தொடங்கி எஸ்.பி.எம். வரை நாம் விடாமல் எழுதச் சொல்லும் கட்டுரை ஒன்று உண்டு. 'என் ஆசை', 'என் இலட்சியம்', 'நான் ஒரு மருத்துவரானால்' என்று தலைப்பு மாறும், உள்ளே இருப்பது மாறாது. பயிற்சி நூல்களிலும் புலனக் குழுக்களிலும் சுற்றுகிற மாதிரிக் கட்டுரையின் வார்ப்பு உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும். கலாம் ஐயாவின் கனவில் ஆரம்பிக்கும். சின்ன வயதில் பாட்டிக்கு நோய் வரும், பக்கத்தில் மருத்துவர் இருக்க மாட்டார், பாட்டி இறந்துபோவார். அடுத்த பத்தியிலேயே வெள்ளை அங்கி, ஏழைகளுக்கு இலவச சிகிச்சை. முடிவில் முயற்சியைப் பற்றி ஒரு குறள். ஒரே வகுப்பில் இத்தனை பாட்டிகளா என்று திருத்தும்போது சிரிப்பும் வரும், சங்கடமாகவும் இருக்கும்.

இந்தக் கட்டுரையில் நாம் ஒற்றுப்பிழையைத் திருத்துகிறோம், வாக்கியத்தைத் திருத்துகிறோம். உள்ளே இருக்கிற திட்டத்தைத் திருத்துவதில்லை. அது திட்டமே இல்லை என்பதைக்கூடச் சொல்வதில்லை.

ஒரு மாதிரிக் கட்டுரையை எடுத்து அதன் வினைமுற்றுகளை மட்டும் வட்டமிட்டுப் பாருங்க. படிப்பேன், ஆவேன், கட்டுவேன், காப்பேன். எல்லாமே எதிர்காலம். 'செய்தேன்' என்று ஒன்று வராது, 'செய்து வருகிறேன்' என்பதும் அரிது. 'எனக்குத் தெரியவில்லை' என்ற வாக்கியம் வரவே வராது. பதினைந்து வயதுப் பிள்ளை தன் எதிர்காலத்தைப் பற்றி உண்மையாகச் சொல்லக்கூடிய முதல் வாக்கியமே அதுதான் இல்லீங்களா? மாதிரிக் கட்டுரை அதைத்தான் முதலில் வெட்டிவிடுகிறது.

அடுத்தது காலக் கணக்கு. 'நன்றாகப் படித்து மருத்துவர் ஆவேன்' என்று ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுகிற இடத்தில் என்னென்ன இருக்கின்றன? 17 வயதில் எஸ்.பி.எம். பிறகு மெட்ரிகுலேசன் என்றால் பொதுவாக ஓராண்டு, எஸ்.டி.பி.எம். என்றால் மூன்று பருவம். மருத்துவப் படிப்பு 5 ஆண்டு. அதன்பின் பயிற்சி மருத்துவராக 2 ஆண்டு. நடுவில் காத்திருக்கிற மாதங்களையும் சேர்த்தால், மூன்றாம் படிவத்தில் கட்டுரை எழுதுகிறவர் முழுப் பதிவு பெற்ற மருத்துவராகப் பத்து ஆண்டுக்கும் மேல் ஆகும். அப்போதும் நிரந்தர வேலை உறுதி என்று சொல்ல முடியாது. 2016 டிசம்பரில் இருந்து அரசாங்கம் புதிய மருத்துவர்களை ஒப்பந்த முறையில் எடுக்கத் தொடங்கியது. 2021 ஜூலை 26-ஆம் தேதி ஒப்பந்த மருத்துவர்கள் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு எழுதப்பட்ட எந்த 'நான் ஒரு மருத்துவரானால்' கட்டுரையிலும் அந்த நாள் என் கண்ணில் படவில்லை. மருத்துவர் ஆகாதே என்று பிள்ளைகளைத் தடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆசைப்படுகிறவருக்கு அந்த வழி தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் பிள்ளை எதை இழக்கிறது என்று கேட்பீர்கள். மூன்றாம் படிவ இறுதியைப் பாருங்கள். 2020 முதல் நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிப்பு இல்லை, விருப்பப் பாடங்களைத் தொகுப்பாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2022-இல் பி.டி.3 எடுக்கப்பட்டபோது, அந்த முடிவுக்கு உதவியாக இருந்த பொதுத்தேர்வும் போயிற்று. அந்தப் பாரத்தை நிரப்புவது ஒரு வாரத்து வேலை. மருத்துவப் படிப்புக்கு எஸ்.பி.எம்.மில் உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றும் பொதுவாகக் கேட்பார்கள். கட்டுரையில் இலவச மருத்துவமனை கட்டிய மாணவி, கூட்டாளிகள் எடுத்தார்கள் என்பதற்காக வேறு தொகுப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நிற்பார். கட்டுரை ஒரு பக்கம், பாரம் ஒரு பக்கம். இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

மருத்துவர், பொறியியலாளர், வழக்கறிஞர், ஆசிரியர். மாதிரிக் கட்டுரைகளில் இவர்களைத் தாண்டி வேறு யாரும் கிடையாது. மின்கம்பி வேலைக்குப் போக நினைக்கிற பையனுக்கு ஒரு மாதிரிக் கட்டுரை காட்டுங்கள் பார்ப்போம். வயர்மன், சார்ஜ்மன் தகுதிச் சான்றிதழை எரிசக்தி ஆணையம் கொடுக்கிறது என்பதோ, தொழிற்கல்லூரியில் மூன்றாம் படிவத்துக்குப் பின் 2 ஆண்டு சான்றிதழும் அதற்குமேல் 2 ஆண்டு டிப்ளோமாவும் உண்டு என்பதோ தமிழில் எங்கே எழுதிக் கிடக்கிறது? தமிழ்ப் பாடத்தில் அவன் மருத்துவராக நடிக்கிறான். அந்த நடிப்புக்கு நாம் புள்ளியும் போடுகிறோம்.

"சோதனையில் புள்ளி வாங்கணுமே சார்" என்று மாணவர்கள் கேட்பது நியாயம்தான். கீழே உள்ள பத்தி உதாரணத்துக்காக நானே எழுதியது:

'அப்பாவின் லாரியில் பேட்டரி மாற்றும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பேன். மின்சார வேலை எனக்குப் பிடிக்கும். ஆனால், கணிதத்தில் சென்ற தவணை 41 புள்ளிதான் எடுத்தேன். தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஆலோசகர் ஆசிரியர் சொன்னார். அம்மாவுக்கு அதில் விருப்பமில்லை. விடுதியில் தங்க எனக்கும் பயமாக இருக்கிறது.'

இதில் குறள் இல்லை, அலங்காரம் இல்லை. ஆனால் ஆர்வம், அதற்குச் சான்று, தடை, வழி, வீட்டின் எதிர்ப்பு, சொந்தப் பயம் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு பத்தியாக விரிக்கலாம். கருத்துக்குப் பஞ்சமே வராது. குறையும் உண்டு. 'பிடிக்கும்' என்று சொல்லிவிட்டு அதில் என்ன பிடிக்கும் என்று சொல்லாமல் விட்டது பலவீனம். நான் திருத்தினால் அங்கேதான் கோடு போடுவேன். 41 புள்ளியை உயர்த்த அவன் என்ன செய்கிறான் என்றும் கேட்பேன். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போது வினைமுற்று தானாக நிகழ்காலத்துக்கு வந்துவிடும்.

புறப்பாடத்தையும் எழுதச் சொல்லுங்கள். யு.பி.யு. மெரிட் கணக்கில் 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம். சாரணர் இயக்கத்தில் மூன்று ஆண்டு இருந்த பிள்ளை, தன் எதிர்காலக் கட்டுரையில் அதை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பாட்டியைச் சாகடித்துக்கொண்டிருக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் உண்மையை எழுதத் தொடங்கினால் வீட்டுக் கடன் வரும், அப்பா அம்மா சண்டை வரும். அப்படிப்பட்ட கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டாதீர்கள், சுவரில் ஒட்டாதீர்கள். ஒரு தடவை செய்தால் போதும், அடுத்த கட்டுரையில் பாட்டியும் வெள்ளை அங்கியும் திரும்பி வந்துவிடும். இன்னொன்று, இதையும் வார்ப்பாக்கிவிட வேண்டாம். எல்லாப் பிள்ளையும் 'என் பயம்' என்று மூன்றாம் பத்தியில் எழுத ஆரம்பித்தால் அதுவும் பழைய கதைதான்.

தொடங்க ஓர் இடம் வேண்டுமென்றால், பல பள்ளிகளில் ஆலோசகர் ஆசிரியர் நடத்தும் தொழில் ஆர்வச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோன் ஹாலண்ட் வகுத்த ஆறு ஆர்வப் பிரிவுகளின்படி மாணவருக்கு மூன்று எழுத்து கிடைக்கும். பெரும்பாலும் அந்தத் தாள் கோப்பிலேயே தூங்கும். அதை வாங்கி மாணவர் கையில் கொடுத்து, 'இந்தச் சோதனை என்னைச் சரியாகப் புரிந்துகொண்டதா?' என்று தலைப்புக் கொடுங்கள். மறுத்து எழுதலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாம் படிவம் என்றால் பாடத் தொகுப்புப் பாரம் வருவதற்கு முன்பே எழுத வையுங்கள்.