குழியைச் சுட்டும் விரல்

மழைக்கோட்டு போட்ட நடுவயது ஆள் ஒருவர் சாலையில் குனிந்து நிற்கிறார். ஆள்காட்டி விரல் ஒரு குழியைச் சுட்டுகிறது. முகத்தில் துக்க வீட்டுக்கு வந்தவரின் பாவனை. பிரிட்டனின் லிபரல் கவுன்சிலர்கள் வீடுவீடாகப் போடுகிற துண்டறிக்கைகளில் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்ப வருகிற புகைப்படம் இது. அந்த ஊர்க்காரர்களே இதைக் கேலி செய்து ஓய்ந்துவிட்டார்கள். கேலிக்கு உள்ளாகிவிட்டது என்பதற்காக ஒரு பிரதியை வாசிக்காமல் தள்ளிவிட முடியாது. அந்த விரல் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்பதுதான் இங்கே பேச்சு.

கொஞ்ச காலமாக இவர்களின் துண்டறிக்கைகளையும் அன்றாடக் குறிப்புகளையும் தேடிப் படித்து வருகிறேன். இதை ஓர் எழுத்து வகை என்றே சொல்லலாம். அதற்கென்று ஓர் இலக்கணம் இருக்கிறது. திங்கட்கிழமை குப்பை வண்டி ஒரு தெருவை விட்டுவிட்டுப் போய்விட்டது; ஆறு பேர் போன் செய்தார்கள். செவ்வாய் மாலை கட்டட அனுமதிக் குழு. ஒரு வீட்டின் பின்கட்டை நீட்டிக் கட்டலாமா கூடாதா என்று ஒன்றரை மணி நேரம். வியாழக்கிழமை துண்டறிக்கை விநியோகம். கதவில் இருக்கிற தபால் துளைக்குள் கையை விட்டால் உள்ளே நாய். இவற்றுக்கு நடுவில், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் பற்றி இரண்டு பத்தி. ஐரோப்பிய ஒன்றியம் பற்றி ஒரு பத்தி. தனிமனிதச் சுதந்திரம் பற்றி ஒரு பெருமூச்சு. அப்புறம் மறுபடியும் குப்பை வண்டி. எழுதுகிறவர் தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்கிற, களைத்துப்போன, அடிப்படையில் நல்ல மனிதர். சும்மா சொல்லக்கூடாது, நம்மூர்ப் பிரமுகர்களின் சுயசரிதைகளைவிட இது எவ்வளவோ தேவலை.

நண்பர்களிடம் இதைச் சொன்னால் இரண்டு விதமான பதில் வருகிறது. "குப்பை அள்ளுறதும் லைட் போடுறதும் அரசியலா தோழர்? அது முனிசிபாலிட்டி வேலை" என்பது ஒன்று. அரசதிகாரத்தைக் கைப்பற்றுவது பற்றிப் பேசுகிறவர்களுக்குச் சாக்கடை எப்போதுமே கொஞ்சம் கீழானதுதான்; அதை அள்ளுகிறவர் யார் என்ற கேள்வியும் சேர்ந்தே கீழே போய்விடுகிறது. இன்னொரு பதில் இதற்கு நேர் எதிர். பெருங்கதையாடல்கள் தீர்ந்துவிட்டன, இனி நுண்அரசியல்தான், அன்றாடமே களம், உள்ளூரே எதிர்ப்பின் இடம் என்பார்கள். லிபரல் கவுன்சிலரின் கதை இந்த இரண்டாவது தரப்புக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது. உள்ளூரையும் அன்றாடத்தையுமே அரசியலாக வைத்து, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திப் பார்த்தவர் அவர்.

இது வெறும் ஓட்டுப் பொறுக்கும் உத்தியாகத் தொடங்கவில்லை என்பதை முதலில் பதிவு செய்ய வேண்டும். 1970 பொதுத்தேர்தலில் லிபரல் கட்சிக்கு மிஞ்சியது 6 இடங்கள். கிளாட்ஸ்டனின் கட்சி ஒரு டாக்சிக்குள் அடங்கிவிடும் என்கிற நிலை. அந்த ஆண்டு ஈஸ்ட்போர்னில் கூடிய மாநாட்டில் இளைஞர் பிரிவு ஒரு தீர்மானத்தை நிறைவேற்ற வைத்தது. 'சமூகக்குழு அரசியல்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். மக்கள் தாங்கள் வாழ்கிற இடத்திலேயே அதிகாரத்தை எடுத்துப் பயன்படுத்த வழிசெய்வது, அதற்காக அமைப்புகளுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் வேலை செய்வது என்பது அதன் சாரம். வியட்நாம் போரையும் நிறவெறி தென்னாப்பிரிக்காவையும் எதிர்த்துத் தெருவில் நின்ற தலைமுறை அது. பத்து ஆண்டுகள் கழித்து, 1980இல், பெர்னார்ட் கிரீவ்ஸ், கார்டன் லிஷ்மன் இருவரும் இதற்கு ஒரு கோட்பாட்டுப் பிரசுரமே எழுதினார்கள். தேர்தல் வெற்றி இதன் நோக்கமல்ல, துணைவிளைவு மட்டுமே என்பது அவர்களது வாதம்.

இதற்கு இணையாக லிவர்பூலில் இன்னொன்று வளர்ந்துகொண்டிருந்தது. சிரில் கார், டிரெவர் ஜோன்ஸ் போன்றவர்கள் 'ஃபோகஸ்' என்ற பெயரில் தெருத்தெருவாகத் துண்டறிக்கை போட்டார்கள். உடைந்த நடைபாதை, எரியாத விளக்கு, ஒழுகும் கூரை. இம்முறையில் 1972 டிசம்பரில் சட்டன் - சீம் நாடாளுமன்ற இடைத்தேர்தலை ஜெயித்தார்கள். 1973இல் லிவர்பூல் மாநகர மன்றத்தில் லிபரல்கள் தனிப்பெரும் கட்சி ஆனார்கள். ஈஸ்ட்போர்ன் கோட்பாட்டைத் தந்தது. லிவர்பூல் உத்தியைத் தந்தது. பிந்தைய வரலாறு முழுவதும் உத்தி கோட்பாட்டைத் தின்று செரித்த கதைதான்.

எப்படித் தின்றது என்று பார்க்கக் கவுன்சிலரின் கையில் உண்மையிலேயே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் உள்ளாட்சி இரண்டு அடுக்கு. குப்பை மாவட்ட மன்றத்தின் பொறுப்பு; சாலை அதற்கு மேலே உள்ள கவுன்டி மன்றத்தின் பொறுப்பு. அதாவது, குழியைச் சுட்டி நிற்கிற மாவட்டக் கவுன்சிலருக்கு அந்தக் குழியின் மேல் எந்த அதிகாரமும் இல்லாமல் இருக்கலாம். அவர் செய்யக்கூடியது கடிதம் எழுதுவது. கட்டட அனுமதிக் குழுவில் அவர் முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டு வந்து உட்காரக்கூடாது. சட்டம் ஏற்கிற காரணங்களைத்தான் சொல்ல வேண்டும். வரியை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. மத்திய அரசு வகுத்த வரம்பைத் தாண்டினால் உள்ளூரில் பொதுவாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டுச் சட்டம். சம்பளம் கிடையாது, ஒரு படி மட்டும். மன்றத்தின் பணத்தில் பெரும்பகுதி, முதியோர் பராமரிப்பு போன்று சட்டம் கட்டாயமாக்கிய செலவுகளுக்கே போய்விடுகிறது. ஆக, அவருடைய பொறுப்புக்கும் அதிகாரத்துக்கும் இடையே ஒரு பெரிய பள்ளம். உண்மையான குழி அதுதான். துண்டறிக்கை அந்தக் குழியின் மேல் விரிக்கப்பட்ட பாய்.

துண்டறிக்கையின் வாக்கிய அமைப்பைக் கவனியுங்கள். 'நீங்கள்' குறைப்படுகிறீர்கள். 'நாங்கள்' கேட்கிறோம். 'நாங்கள்' செய்து முடித்தோம், அல்லது செய்யவிடாமல் எதிர்க்கட்சி தடுத்தது. 'நீங்கள்' என்ற எழுவாய்க்கு இங்கே ஒரே ஒரு வினைச்சொல்தான் அனுமதி. ஈஸ்ட்போர்ன் தீர்மானத்தில் அதிகாரத்தை எடுத்துப் பயன்படுத்த வேண்டிய மக்கள், துண்டறிக்கையில் மனு கொடுக்கிற கக்ஷிக்காரர்களாகச் சுருங்கிவிட்டார்கள். இதோடு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குறை சொல்லப்பட்டுவிட்டாலே அது நியாயமான குறை என்று ஆகிவிடுகிறது. கேட்கும் காது தீர்ப்புச் சொல்வதில்லை. தீர்ப்புச் சொல்லாமல் இருப்பதையே தன் சனநாயகப் பண்பு என்று அது நம்புகிறது.

இந்தக் காது எங்கே போய் முடியும் என்பதற்கு லண்டனின் கிழக்குப் பகுதியில் உள்ள டவர் ஹாம்லெட்ஸ் சாட்சி. 1986 தேர்தலில் தொழிற்கட்சியின் நெடுங்காலக் கோட்டையை லிபரல்கள் பிடித்தார்கள். உடனே ஆட்சியை ஏழு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக்குழு, தனி அதிகாரம் என்று பரவலாக்கினார்கள். ஏட்டில் பார்த்தால் நுண்அரசியலின் கனவு. வீட்டு ஒதுக்கீட்டில் உள்ளூர்க்காரர்களின் மகன்களுக்கும் மகள்களுக்கும் முன்னுரிமை என்று ஒரு திட்டம் வந்தது. கேட்க எவ்வளவு இயல்பாக இருக்கிறது! ஆனால் அங்கே வீட்டுக்காகக் காத்திருந்தவர்களில் பெருந்தொகையினர் வங்காளதேசத்திலிருந்து குடியேறிய குடும்பங்கள். அவர்களுடைய பிள்ளைகள் எந்த 'உள்ளூர்'க்காரர்களின் பிள்ளைகள்? 1987இல் அந்த மன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. சில்ஹெட்டில் வீடு இருக்க அதை விட்டுவிட்டு வந்ததால் இவர்கள் 'வேண்டுமென்றே வீடற்றவர்கள்' ஆனார்கள் என்று சொல்லிப் பல வங்காளிக் குடும்பங்களுக்குத் தங்குமிடம் தரும் கடமையைக் கைகழுவப் பார்த்தது.

1993 செப்டம்பர் 16 அன்று, இதே பகுதியில் உள்ள மில்வால் வட்டத்தில் இடைத்தேர்தல். பிரிட்டிஷ் தேசியக் கட்சி என்கிற வெளிப்படையான இனவெறிக் கட்சி 7 வாக்கு வித்தியாசத்தில் தொழிற்கட்சியைத் தோற்கடித்துத் தன் முதல் கவுன்சிலரைப் பெற்றது. லிபரல் டெமாக்ரட்டுகளின் உள்ளூர்த் துண்டறிக்கைகள் மீது விசாரணை நடத்தக் கட்சித் தலைவர் பேடி ஆஷ்டவுன் ஏற்பாடு செய்தார். ஆந்தணி லெஸ்டர் தலைமையிலான அக்குழு, அவற்றில் சில இனவாதத்துக்குத் தீனி போட்டன என்ற முடிவுக்கு அந்த ஆண்டே வந்தது. 1994 மே மாதம் மன்றம் மறுபடி தொழிற்கட்சியின் கைக்குப் போனது. இனவெறிக் கட்சியும் தன் ஒற்றை இடத்தை இழந்தது. சில தனிமனிதர்களின் தவறு என்று இதை மூடிவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் துண்டறிக்கைகளும் ஃபோகஸின் இலக்கணத்தையே பின்பற்றின. குறையைக் கேள், திருப்பிச் சொல், பக்கத்தில் நில். கதவைத் திறந்தவர் தன் குழியாக ஒரு வங்காளிக் குடும்பத்தைக் காட்டியபோது, விரலும் கூடவே திரும்பிவிட்டது.

அந்த விரல் காட்டாமல் விட்டது என்ன? மில்வால் இருக்கிற டாக்ஸ் தீவில் வீடு ஏன் கிடைக்கவில்லை? 1980 வீட்டுவசதிச் சட்டம் மன்றத்தின் வாடகை வீடுகளைக் குடியிருப்போருக்கு விற்க வைத்தது. 1981இல் துறைமுகப் பகுதிக்கென்று தனியாக ஒரு வளர்ச்சிக் கழகத்தை அமைத்து, கட்டட அனுமதி அதிகாரத்தை மன்றத்திடமிருந்து பிடுங்கி அதனிடம் கொடுத்தது தாட்சர் அரசு. தீவில் கேனரி வார்ஃப் கோபுரம் எழும்பியது. வெள்ளைத் தொழிலாளியின் மகனும் வங்காளித் தொழிலாளியின் மகளும் ஒரே வரிசையில் அந்தக் கோபுரத்தின் நிழலில் நின்றார்கள். விரல் பக்கவாட்டில் திரும்பியது, மேலே உயரவில்லை. அன்றாடத்தின் அரசியல் என்பதன் எல்லை இங்கே தெரிகிறது. குழி கண்ணுக்குத் தெரியும். குழியைத் தோண்டியவர் அந்த வட்டத்தில் குடியிருப்பதில்லை.

'உள்ளூர்' என்பதற்குள் யார் என்கிற சிக்கல் லிபரலியத்தின் பிறவிக்குணம். ஜான் ஸ்டூவர்ட் மில் 1861இல் உள்ளாட்சியை மக்களுக்கான அரசியல் பள்ளிக்கூடம் என்ற பொருளில் விவரித்தார். அதே மில் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர். நாகரிகமடையாதவர்களை ஆள எதேச்சாதிகாரம் ஏற்புடையதே என்று 1859இல் எழுதியவர். கிளாட்ஸ்டன் அனுப்பிய வைஸ்ராய் ரிப்பன், 1882 மே மாதத் தீர்மானத்தில் மில்லின் பள்ளிக்கூடத்தை நமக்கும் கொண்டுவந்தார். சென்னையில் மாநகராட்சி இருக்கிற வெள்ளை மாளிகை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ஆனால் அந்தப் பள்ளியில் சேர வரி கட்டவும் சொத்து வைத்திருக்கவும் வேண்டியிருந்தது. சேரிக்கு அட்மிஷன் இல்லை. அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அடிப்படை அலகாக ஏற்க மறுத்தபோது, இந்த 'உள்ளூர்' என்பதன் முகத்திரையைத்தான் கிழித்தார். உள்ளூர் என்பது அப்பாவியான இடமல்ல. அங்கே யார் ஏற்கெனவே பலமாக இருக்கிறாரோ அவருடைய குரல்தான் முதலில் காதில் விழும்.

அண்மைக் காலம் இந்தக் கதைக்கு இன்னொரு சோகத்தைச் சேர்த்தது. 2010இல் லிபரல் டெமாக்ரட்டுகள் கன்சர்வேடிவ்களோடு சேர்ந்து ஆட்சிக்கு வந்தார்கள். உள்ளாட்சிகளுக்கான மானியத்தை அந்த அரசு கடுமையாக வெட்டியது. கீழே கவுன்சிலர் நூலகத்தைக் காப்பாற்றக் கையெழுத்து வாங்குகிறார்; மேலே அவருடைய கட்சியின் அமைச்சர்கள் அந்த நூலகத்தின் பணத்தை நிறுத்துகிறார்கள். 2011 உள்ளாட்சித் தேர்தலில் 700க்கு மேற்பட்ட கவுன்சிலர்கள் தோற்றார்கள். 2015இல் நாடாளுமன்றத்தில் 57 இடங்கள் 8 ஆகின. தோற்றவர்களின் எழுத்தில் நான் தேடியது ஒரு கோபம். கிடைத்தது பெரும்பாலும் மனத்தாங்கல்: நாங்கள் இவ்வளவு உழைத்தோமே! பிறகு கட்சி மீண்டது. 2024இல் 72 இடங்கள். ஆனால் குழி மூடப்படவில்லை. 2022இல் வோகிங் மன்றத்தை அவர்கள் வென்றார்கள். முந்தைய கன்சர்வேடிவ் நிர்வாகம் கடன் வாங்கி உயரமான கட்டடங்களிலும் ஓட்டலிலும் போட்ட பணம் கழுத்தை நெரித்தது. 120 கோடி பவுண்டு பற்றாக்குறையைக் காட்டி, 2023 ஜூனில் மன்றத்தின் நிதி திவாலான நிலை அறிவிக்கப்பட்டது. குப்பைத் தொட்டியைக் கவனித்தால் ஊர் நன்றாக இருக்கும் என்று நம்பிய மனிதர்கள், நிதி மூலதனத்தின் கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்கள்.

அப்படியானால் இந்த மாதிரி அரசியலைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதானா? எறிந்துவிட்டால் அந்தக் கதவை வேறு யாராவது தட்டுவார்கள். மில்வாலில் தட்டினார்கள். மழையிலும் நாய்க்கடியிலும் வருஷம் முழுக்க வீடுவீடாகப் போகிற உழைப்பு நம் இயக்கங்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது? எரியாத விளக்கு ஒரு பெண் இரவில் வெளியே போகலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கிறது. அது அரசியல் இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. லிபரல் கவுன்சிலர் கதவைத் தட்டியதில் பிழை இல்லை. ஒவ்வொரு கதவையும் தனித்தனியாகத் தட்டிவிட்டு, அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்களை ஒருவரோடு ஒருவர் பேச வைக்காமலே திரும்பிப்போனதுதான் பிழை. தனித்தனியாகச் சொல்லப்படுகிற குறைகளைக் கூட்டினால் ஒரு பட்டியல் கிடைக்கும், அரசியல் கிடைக்காது.

ஈஸ்ட்போர்ன் இளைஞர்கள் சொன்ன 'உள்ளேயும் வெளியேயும்' என்பதில் இன்னும் உயிர் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அதை எடுத்துக்கொள்கிறவர்கள் ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். டாக்ஸ் தீவின் அதே வரிசையில் நின்ற அந்த இரண்டு குடும்பங்களையும் சேர்த்து 'நீங்கள்' என்று விளிக்கிற ஒரு துண்டறிக்கையை எழுதுங்கள். ஒரே பக்கம் போதும். முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும், எவ்வளவு கஷ்டம் என்று.