மெர்லின் இருமும் நொடி

போர் விமான சிமுலேட்டர்களில் எனக்கு மிகக் குறைவாகப் பிடித்தது சுடுவதுதான். இன்ஜின் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் ருசி.

2011இல் வந்த ‘ஐஎல்-2 ஸ்டர்மோவிக்: கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்’, 1940இன் பிரிட்டன் வான்போரைக் கணினிக்குள் கொண்டுவந்தது. அதில் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரில் ஏறி ஒரு ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109ஐத் துரத்திப் பாருங்கள். அதன் விமானி மூக்கைச் சட்டென்று தாழ்த்திக் கீழே பாய்வான். நீங்களும் ஜாய்ஸ்டிக்கை முன்னால் தள்ளினீர்களோ, ஸ்பிட்ஃபயரின் மெர்லின் இன்ஜின் இருமும், உந்துவிசை போய்விடும்.

காரணம் கார்புரேட்டர். விமானம் திடீரென்று தாழும்போது மிதவைக் கலத்திலுள்ள பெட்ரோல் மேலே எழும்பிவிடுகிறது. இன்ஜின் முதலில் பட்டினி கிடக்கும், பிறகு அளவுக்கு மீறிக் குடித்துத் திணறும். 109இன் டைம்லர்-பென்ஸ் இன்ஜினிலோ எரிபொருள் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் இந்தத் தொல்லை இல்லை. 1941இல் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் (மோட்டார் சைக்கிள் பந்தயக்காரரும்கூட) துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டைப் பொருத்தி இதைப் பெருமளவு அடக்கினார்.

அதற்கு முன் ஸ்பிட்ஃபயர் விமானிகள் கையாண்ட வழிதான் நமக்கும்: விமானத்தைப் புரட்டித் தலைகீழாக்கி, ஜாய்ஸ்டிக்கை இழுத்துக்கொண்டு பாய்வது. அதற்குள் 109 எட்டாத தூரம் போயிருக்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எரிச்சல் 1940இல் நிஜமாகவே இருந்தது என்பதுதான் இதன் அழகு.

வீழ்த்திய எண்ணிக்கைக்கு மதிப்பெண் போடும் விளையாட்டுகள் ஏராளம். எனக்கு, ரேடியேட்டரைத் திறக்க மறந்தால் இன்ஜின் கொதித்துப்போகிற விளையாட்டே போதும்.