சென்ட் காசின் தோலும் அச்சும்

1982-இல் அமெரிக்காவின் ஒரு சென்ட் காசு துத்தநாகத்துக்கு மாறியது. மேலே மெல்லிய செம்புப் பூச்சு மட்டும். எடை 3.11 கிராமிலிருந்து 2.5 கிராமாக இறங்கியது. சேகரிப்பவர்களுக்குக் குழப்பமும் கூடியது. காசில் உள்ள லிங்கன் உருவத்தின் கன்னத்தில் புடைப்பு தெரிந்தால் அபூர்வப் பிழை என்று மனம் துள்ளும். பெரும்பாலும் அது பூச்சுக்கடியில் சிக்கிய காற்று, பூரி போல உப்பியிருக்கும். எழுத்தோரம் ஓடும் சாம்பல் கோடு, செம்பு கிழிந்து எட்டிப் பார்க்கும் துத்தநாகம்.

காசடிக்கும் அச்சிலேயே உருவம் இருமுறை பதிந்த உண்மையான ‘இரட்டை அச்சு’ப் பிழை வேறு ரகம். 1995-ஆம் ஆண்டின் அத்தகைய காசில் ‘லிபர்ட்டி’ என்ற சொல்லைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: எழுத்து முனைகள் பிளந்து, இரண்டாவது உருவும் கூர்மையாக நிற்கும். பிழை அச்சிலேயே இருப்பதால், அந்த அச்சில் அடித்த காசுகளிலெல்லாம் அதே இடத்தில் வரும்; கொப்புளமோ காசுக்குக் காசு இடம் மாறும். இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் சில்லறையைப் புரட்டுவதே தனி ருசி.