ஒருசந்தியும் சுத்தபோசனமும்

ஒரு சமயத்தின் ஒழுகலாறு வேற்றுமொழியுட் புகும்போது, அதனை உணர்த்தவரும் சொல் முன்னரே தனக்கென ஒரு வரலாறு உடையதாய் இருத்தல் இயல்பு. அவ்வரலாறு புதுப்பொருளுக்குத் துணைசெய்தலும் உண்டு. அதனைத் திரித்தலும் உண்டு. தமிழ்க் கத்தோலிக்கர் தவக்காலத்தை ஒட்டி வழங்கிவந்த ஒருசந்தி, சுத்தபோசனம் என்னும் இருசொற்கள் இவ்விரு நிலைக்கும் தக்க சான்றுகளாம். முன்னது பொருளைச் செவ்வனே காத்தது. பின்னது அதனைப் பிறிதொன்றாக்கியது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இலத்தீன் திருச்சபையின் சட்டம் இருவேறு கடமைகளைப் பிரித்துக் கூறும். ஒன்று உணவின் அளவு பற்றியது. மற்றொன்று உணவின் வகை பற்றியது. 1917-இல் வெளியிடப்பெற்ற சட்டத்தொகுப்பின் 1251-ஆம் விதி, நாளொன்றுக்கு ஒரு முழுஉணவே கொள்ளவேண்டும் என்றது. காலையிலும் மாலையிலும் சிறிது உண்டலை அது தடுக்கவில்லை. 1250-ஆம் விதி இறைச்சியையும் இறைச்சிச் சாற்றையும் விலக்கியது. முட்டையையும் பால்படு பொருள்களையும் விலக்கவில்லை. தவக்காலத்தில் ஞாயிறு நீங்கலான நாள்கள் யாவும் முதற்கடமைக்கு உரியன. இரண்டாவதோ சாம்பல் புதன், வெள்ளி, சனிக் கிழமைகள் முதலான சில நாள்களுக்கே உரியது. எனவே, தவக்காலத்துத் திங்கட்கிழமையில் ஒருவேளையே முழுஉணவு கொள்ளும் ஒருவர், அவ்வேளையில் இறைச்சியும் உண்ணலாம் என்பதே அன்றைய சட்டநிலை. இவ்விரு கடமைகளும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும்.

இனி, ஒருசந்தி என்னும் சொல்லை நோக்குவோம். சந்தி என்பது பகலும் இரவும் கூடும் பொழுதைக் குறித்துப் பின்னர் வேளை என்னும் பொருளில் விரிந்தது. கிழமை விரதங் காக்கும் இந்து மக்களிடத்தும் ஒருசந்தி என்னும் வழக்கு உண்டு. ஆண்டும் அதன் பொருள் உண்ணாதிருத்தல் அன்று. ஒருமுறையே உண்டல் என்பதாம். மேலைநாட்டுப் பழைய வழக்கில் தவக்கால உணவு கதிரவன் மறைந்தபின் கொள்ளப்பட்டது. 13-ஆம் நூற்றாண்டில் அக்குவினாசு தோமையார் ஒன்பதாம் நாழிகையை, அதாவது பிற்பகல் மூன்று மணியளவை, அதற்குரிய நேரமாக வைத்தார். பின்னர் அது நண்பகலுக்கு முந்தியது. மாலைச் செபத்தின் பின்னரே உணவு என்னும் முறையைக் கைவிடாமல், தவக்காலத்தில் அம்மாலைச் செபத்தையே நண்பகலுக்கு முன் சொல்லிவந்தனர். நேரம் பெயர்ந்தது, எண் பெயரவில்லை. அவ்வெண்ணையே தன்பால் தாங்கி நிற்பதால் ஒருசந்தி என்பது மிகப் பொருந்திய பெயர்ப்பு எனலாம். உண்ணாநோன்பு என்பது முற்றும் உண்ணாமையைச் சுட்டி மிகையாகும். நோன்பு என்பது பொறுத்தல் என்னும் அடிப்பொருளால் சிறந்ததேயாயினும், அளவை உணர்த்தாமையின் குறையாகும்.

சுத்தபோசனம் என்பது இத்தகையதன்று. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், துறவியர் கோலத்தில் புலால் நீக்கி, நாளும் ஒருவேளையே உண்டு வாழ்ந்தார். புலாலுண்ணாமை தூய்மைக்கும் குலவுயர்வுக்கும் அடையாளமாக மதிக்கப்பெற்ற சூழலில் இத்தகைய சொல் வேரூன்றியது வியப்பன்று. ஆயின், விலக்குநாளின் உணவு தூயது என்றால், ஏனைய நாளின் உணவு தூய்மையற்றது என்பது தானே பெறப்படும். திருச்சபை மறுத்ததோ இக்கருத்தையே. இறைச்சியைத் தூய்மையற்றதெனக் கருதி, அதனோடு வெந்த காய்கறியையும் தொடாதாரை 561-இல் பிராகா நகரிற் கூடிய சங்கம் கண்டித்தது. தோமையார் கூறும் காரணம் வேறு: நிலவாழ் விலங்கின் ஊன் மிக்க சுவையும் ஊட்டமும் தருவது, அதனால் விடத்தக்கது. மீன் விலக்கப்படாமையும் இதனாலேயே. முத்துக்குளித்துறையில் கடலை நம்பி வாழும் கத்தோலிக்கருக்குச் சட்டம் மீனை ஒப்பியது; சுத்தபோசனம் என்னும் சொல்லோ, தமிழ்வழக்கில் மீனையும் புறத்தே நிறுத்துவது.

சுத்தம் என்பது உண்பாரது உளத்தூய்மையைக் குறிக்கும் எனச் சிலர் அமைதி கூறலாம். அஃது ஏலாது. தொகையில் அடை போசனத்தையே சிறப்பிக்கின்றது, உண்பாரை அன்று.

புலால் விடுதற்குத் தமிழ்மரபு கண்ட காரணங்கள் பல. திருக்குறளின் புலான்மறுத்தல் அருளை அடிப்படையாகக் கொண்டது. தூய்மை கருதி விடுதல் மற்றொன்று. நல்லதென அறிந்தும் நோன்பின்பொருட்டு விடுதல் மூன்றாவது. கத்தோலிக்க ஒழுக்கம் இம்மூன்றாவதன்பாற் பட்டது. அதற்கும் தமிழில் முன்மாதிரி உண்டு. ஆண்டாளின் பாவைநோன்பில் நெய்யும் பாலும் நீக்கப்படுகின்றன. அவற்றைத் தூய்மையற்றன என்பார் யாருமிலர். இடைக்காலத் தவக்காலத்தில் பாலும் வெண்ணெயும் முட்டையும் விலக்கப்பட்டமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

1966-இல் ஆறாம் பவுல் வெளியிட்ட திருத்தத்தாலும், 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பாலும் ஒருசந்திக் கடமை சாம்பல் புதன், பெரிய வெள்ளி ஆகிய இருநாள்களுக்குச் சுருங்கிற்று. வழக்கம் சுருங்குங்கால் அதன் கருத்தைக் காக்கும் பொறுப்பு சொல்லின்மேல் மிகுதியாக ஏறுகிறது. ஈண்டு ஆய்ந்த சொற்கள் இரண்டும் வடசொற் கலப்புடையன. ஆதலின் பிறப்பு கொண்டு ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளுதல் இயலாது. பொருத்தமே அளவுகோலாதல் வேண்டும். அவ்வளவுகோலால், ஒருசந்தி நிலைத்தற்குரியது. சுத்தபோசனம் என்பதனிடத்தே இறைச்சிவிடல் என வழங்குதல் சாலும். புலால் என்பது மீனையும் உள்ளடக்குமாதலின் அஃது இங்குப் பொருந்தாது. விடப்படுவது இழிந்தது அன்று, இனியது என்பதை மறவாத சொல்லே இவ்வொழுக்கத்திற்கு உரிய சொல்லாம்.